அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா? கடைசிப் படகை வைத்து ஓர் அலசல்

தீவுக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தால் நம் ஊர்க்காரர்களின் கணக்கில் வருவது பெரும்பாலும் இந்த மூன்றுதான். மூன்றின் படங்களையும் கலைத்துப் போட்டால் எது எந்த ஊர் என்று சொல்வது கஷ்டம். அதே நீலம், அதே வெள்ளை மணல், அதே சாய்ந்த தென்னை. பலர் விமானக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அது பாதிக் கணக்குதான். விமானம் இறங்கிய பிறகு, தங்கப்போகும் தீவுக்கு ஒரு படகு ஏற வேண்டியிருக்கிறதே, செலவும் அலைச்சலும் வாந்தியும் அங்கேதான் காத்திருக்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் இரண்டேகால் மணி நேர விமானம். 2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக், நீல் தீவுகள் இரண்டும் 2018-லேயே ஸ்வராஜ் தீப், ஷஹீத் தீப் ஆகிவிட்டன. பேச்சில் பழைய பெயர்களே ஓடுவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். போர்ட் பிளேரிலேயே தங்கிவிட்டால் செல்லுலார் சிறையைப் பார்க்கலாம், மாலையில் ஒலி ஒளிக் காட்சி பார்க்கலாம். படத்தில் பார்த்து மயங்கிய அந்தக் கடற்கரை மட்டும் அங்கே இல்லை. அதற்கு ஹேவ்லாக் போக வேண்டும். தனியார் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல்.

தனியார் படகு என்றால் ஏசி போட்ட மூடிய அறை, விமானத்தில் இருப்பதுபோல வரிசையாக இருக்கை. பெட்டிக்குச் சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்கிறார்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கடல் கொஞ்சம் குதித்தால்தான் சிக்கல். ஜன்னலைத் திறக்க முடியாது, காற்று வாங்க வெளியே போகவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒருவர் கவரை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் அந்த வரிசையே கவரைத் தேடும். மருத்துவரிடம் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கி, ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்வது நல்லது. அரசுப் படகில் மேல்தளத்தில் நிற்கலாம், கட்டணமும் குறைவு; ஆனால் உள்ளூர் மக்களும் அதை நம்பியே இருப்பதால் சுற்றுலாக்காரருக்கு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

வானிலை கெட்டால் இரண்டும் ரத்தாகும். அதனால் அந்தமான் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில் இருங்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகு, மதியம் விமானம் என்று திட்டம் போட்டுத் தரும் ஏஜெண்டை அங்கேயே மாற்றிவிடலாம்.

மாலத்தீவின் கடைசிப் படகு வேறு ரகம். வேலானா விமான நிலையமே ஒரு தீவுதான். வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் படகுத்துறை. திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் வான்வழியில் 600 கிலோமீட்டர்தான், அதாவது தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தமானைவிட மாலத்தீவின் தலைநகர் மாலே பக்கம். சுற்றுலா போகும் இந்தியர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். மாஃபுஷி போன்ற, உள்ளூர் மக்கள் வசிக்கும் ஊர்த்தீவுக்கு ஸ்பீட் போட்டில் அரை மணி முதல் முக்கால் மணி. படகு அலையில் தட்டித் தட்டிப் போகும். முதுகுவலிக்காரர்கள் பின்பக்கம் உட்காருவது உத்தமம், கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.

தூரத்து ரிசார்ட் என்றால் கடல் விமானம். அது பகலில் மட்டுமே பறக்கும். மாலை தாமதமாக இறங்கினால் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவுச் செலவு கூடுகிறது. மலிவான பொதுப் படகுகள் வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லட்சத்தீவில் படகுக்கு முன்னால் காகிதம் நிற்கிறது. இந்தியக் குடிமகனாக இருந்தாலும் நுழைவு அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், அதுவும் எந்தத் தீவு என்று குறிப்பிட்டு. 2024 ஜனவரியில் பிரதமர் போய் வந்த படங்கள் வெளியானபோது நாடே அந்தப் பெயரைத் தேடியது. ஆனால் 36 தீவுகளில் ஆள் வசிப்பவை 10, மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். அகத்தி தீவின் குட்டி ஓடுபாதையில் இறங்குவது சின்ன ஏடிஆர் விமானங்கள். கூட்டத்தைத் தாங்குகிற இடமே இல்லை அது.

கொச்சியிலிருந்து கப்பலில் போனால் 14 முதல் 20 மணி நேரம் ஆகும். அரசு சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் நடத்தும் 'சமுத்ரம்' பயணத்தில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பகலில் பார்த்துவிட்டு இரவில் கப்பலுக்கே வந்துவிடலாம். பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராது. பவளத்திட்டுக்கு வெளியே நின்றுகொள்ளும். பக்கவாட்டுக் கதவு திறக்கும். கீழே சின்னப் படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஊழியர்கள் இரண்டு கையையும் பிடித்து, படகு மேலே எழும் நொடியில் 'ம், வாங்க' என்று இழுத்துக்கொள்வார்கள். பத்து வயதுப் பையனுக்கு அது பெரிய கொண்டாட்டம். மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்கு அப்படி இருக்காது.

சரி, கரை சேர்ந்தாயிற்று. கடல் எப்படி? அந்தமான் மலைத்தீவு. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் மணல் முடியும் இடத்தில் வானுயர்ந்த காடு தொடங்கிவிடும். 2004-இல் டைம் இதழ் அதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, இன்றும் அந்தப் பெருமையை விடவில்லை. எனக்கும் மூன்றில் மனம் நிறைந்த காட்சி அதுதான். நீரில் இறங்குவது வேறு விஷயம். அங்கே உப்புநீர் முதலை உண்டு. 2010-இல் ராதாநகர் பக்கம் ஓர் அமெரிக்கப் பெண் அப்படித்தான் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு, காவலர் காட்டும் எல்லைக்குள் குளியுங்கள். இன்னொன்று, கடிகாரம் இந்திய நேரம்தான், சூரியன் அப்படியில்லை. ஜனவரியில் மாலை 5 மணி சுமாருக்கே இறங்கிவிடும். மதியத் தூக்கம் போட்டு எழுந்தால் கடற்கரை இருட்டு. நீல் தீவில் பாறை வளைவைப் பார்க்கவோ, அங்குள்ள பரத்பூர் கடற்கரையில் குளிக்கவோ கடல்நீர் ஏறி இறங்கும் நேர அட்டவணை முக்கியம். நீர் வற்றினால்தான் வளைவு. நீர் வற்றினால் பரத்பூரில் முழங்காலுக்குக் கீழே பவளக்கல்தான்.

மற்ற இரண்டும் பவள வளையத் தீவுகள். வளையத்துக்குள் அலை அடங்கிய, ஆழமில்லாத நீர். குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. ஆனால் மணலைத் தாண்டி மலை, காடு, அருவி என்று எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் சலிப்பவர்கள் உண்டு. பவளத்தின் நிறத்தைப் பற்றியும் அதிகம் கற்பனை செய்ய வேண்டாம். 1998, 2016 வெப்ப அலைகளில் மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் நிறைய வெளுத்துப்போனது. மீன்கள் இன்னும் கண்கொள்ளாக் காட்சிதான். பெரிய மீன் பார்க்க ஆசை என்றால் மாலத்தீவு. தெற்கு ஆரியில் திமிங்கலச் சுறா ஆண்டு முழுக்க வருகிறது, பா பவளத்தீவின் ஹனிஃபாருவில் ஜூன் முதல் நவம்பர் வரை மாந்தா திருக்கை.

சாப்பாட்டில் அந்தமானுக்குப் போட்டியே இல்லை. போர்ட் பிளேரில் தமிழ் பேசியே இட்லி வாங்கிவிடலாம். மற்ற இரண்டிலும் சூரை மீனும் தேங்காயும்தான் ஆட்சி. மாலத்தீவின் காலையுணவான மாஸ் ஹுனி, சூரை, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்தது. மாசிக் கருவாட்டுச் சம்பல் தின்று வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். சைவக்காரர்கள் பொடி வகை எடுத்துப் போவது நல்லது. பூஜைப் பையில் பிள்ளையார் சிலை இருந்தால் மாலத்தீவுக்கு எடுத்துப் போகாதீர்கள், வழிபாட்டுச் சிலைக்குச் சுங்கத்தில் தடை. மது பாட்டிலுக்கும் அப்படித்தான். அங்கே மது ரிசார்ட்டிலும் சுற்றுலாக் கப்பலிலும் மட்டும். லட்சத்தீவில் பங்காரம் தீவு தவிர்த்துக் கிடையாது.

பணம். மாலத்தீவு ரிசார்ட் விளம்பரத்தில் அறை 300 டாலர் என்று போட்டிருந்தால் அதோடு முடியாது. 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன் மேல் 17 சதவீத வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. இருவருக்கு 410 டாலர் ஆகிவிடும், படகுக் கட்டணம் தனி. ஊர்த்தீவு விருந்தினர் இல்லத்தில் பசுமை வரி பாதிதான், அறையும் பல மடங்கு மலிவு. அங்கே தங்கி ஒரே ஒரு நாள் ரிசார்ட்டுக்குப் பகல் பயணம் போய் வருவதுதான் என் கணக்கில் கெட்டிக்காரத்தனம்.

எப்போது போவது? ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றும் நன்றாக இருக்கும். மே விடுமுறை ஆபத்து. தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் கால் வைப்பதே அந்தமானில்தான், லட்சத்தீவிலும் மே நடுவில் கடல் முரண்டு பிடிக்கத் தொடங்கும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் தேர்வு முடிந்ததும் ஏப்ரலிலேயே கிளம்பிவிடுங்கள்.

அப்பா அம்மாவோடு முதல் தீவுப் பயணம் என்றால் நான் யோசிக்காமல் அந்தமான் சொல்வேன். கல்யாணமான கையோடு நான்கைந்து நாள் லீவு, அலைச்சல் ஆகாது என்றால் மாலத்தீவு. லட்சத்தீவு, தேதியை நீங்கள் தீர்மானிக்காமல் கப்பலும் அனுமதியும் தீர்மானிக்க விடும் பொறுமைசாலிகளுக்கு. ஒரு எச்சரிக்கை: அனுமதி கைக்கு வரும்வரை கொச்சிக்கு ரத்து செய்ய முடியாத டிக்கெட் எதுவும் போடாதீர்கள்.