காசு கொடுத்து ரேஸ் கார் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆர்கேட் ரேஸிங் கேம் ஆடுபவர்கள், முக்கியமாக கீபோர்டில் ஆடுபவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் ஏமாந்துவிட்டேன். முதலில் கேம் நிறுவனத்திடம், அதனாலேயே அப்புறம் கன்ட்ரோலர் (கையில் பிடித்து கேம் ஆடும் கருவி) விற்றவரிடம்.

நான் ஆடும் கேமில் டைம் ட்ரயல் (தனியாக ஓட்டி யார் குறைந்த நேரம் என்று பார்க்கும் போட்டி) பட்டியலைத் திறந்தால் முதல் பத்து இடத்தில் எட்டு ஒரே காருக்குத்தான், அதுவும் காசு கொடுத்தால் மட்டும் கிடைக்கிற கார். இலவசக் கார்களை வைத்து எவ்வளவு முட்டி மோதியும் அந்த நேரத்தை நெருங்க முடியாமல் கடைசியில் வாங்கிவிட்டேன். அருமையான கார், அதை மறைக்க மாட்டேன். ஆக்சிலரேட்டரை விடாமலே வளைவுக்கு முன்னால் பிரேக்கை ஒரு தட்டு தட்டினால் போதும், பின்பக்கம் அழகாக வழுக்கும், அந்த வழுக்கல்தான் ட்ரிஃப்ட், அது முடிவதற்குள் திடீர் வேகம் கொடுக்கும் நைட்ரோவும் நிறைந்துவிடும். கீபோர்டில் ஆக்சிலரேட்டர் என்றால் முழுசு, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை, பாதி அழுத்தம் என்பதே கிடையாது. அதனால் இந்தக் கார் எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

மூன்றாவது வாரம் பேட்ச், அதாவது கேமை மாற்றும் அப்டேட், வந்தது. 'சில கார்களின் ஹேண்ட்லிங்கில் சிறு திருத்தங்கள்' என்று ஒரே வரி, எந்தக் கார் என்றுகூட இல்லை. அன்றிரவு என் பழைய லேப்பின் கோஸ்ட்டை, அதாவது அந்தச் சுற்றை அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டும் நிழல் காரை, ஓடவிட்டு அதோடு சேர்ந்து ஓட்டினேன், 1 நிமிடம் 42 வினாடியில் முடித்த லேப் அது. மூன்றாவது வளைவில், எப்போதும் தட்டும் அதே இடத்தில் பிரேக்கைத் தட்டினேன். கார் அப்படியே சுழன்று வந்த வழியைப் பார்த்து நின்றது, என்னுடைய கோஸ்ட் என் கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது. இருபது தடவையாவது முயன்றிருப்பேன், 1 நிமிடம் 46 வினாடிக்குக் கீழே வரவேயில்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறோமோ அதைப் பொறுத்து ட்ரிஃப்ட் கோணம் மாறும்படி செய்துவிட்டார்கள். பாதி அழுத்தினால் கார் பிடித்து நிற்கும், முழுசாக அழுத்தினால் சுற்றிவிடும்.

பேட்ச் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே காரை ஓட்டினால் ஆட்டம் செத்துப்போகும், அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பொருளை இப்படி மாற்றிவிட்டு, விற்பனைப் பக்கத்தில் பேட்சுக்கு முந்தைய வீடியோவையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களே, அதை என்னவென்று சொல்வது? புகார் கொடுத்தேன், விதிமுறைகளில் எல்லாம் இருக்கிறது என்று நாலு வரி வந்தது.

சரி, பாதி அழுத்தம்தானே வேண்டும் என்று கன்ட்ரோலர் தேடினேன். 'அனலாக் ட்ரிகர், ஹால் எஃபெக்ட் ஸ்டிக்' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அனலாக் ட்ரிகர் என்றால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும் விசை. ஹால் எஃபெக்ட் ஸ்டிக் காந்தத்தை வைத்து நகர்வை அளக்கிறது, உரசித் தேயும் பாகம் அதில் இல்லாததால் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கும் தொல்லை குறையும், அதற்காகத்தான் கூடுதல் விலை. வந்த அன்றே ஆடினேன், கார் முன்பு போலவே சுற்றியது. என் கை சரியில்லை என்று நினைத்து ஒரு வாரம் பழகினேன். அந்த ஒரு வாரத்தை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

பிறகுதான் பிரவுசரில் கன்ட்ரோலரைச் சோதிக்கும் பக்கத்தைத் திறந்து ட்ரிகரை மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினேன். நல்ல ட்ரிகர் என்றால் எண் 0-வில் தொடங்கி 0.10, 0.35, 0.60 என்று படிப்படியாக ஏறி 1-இல் முடிய வேண்டும். என்னுடையது பாதி தூரம் போகும்வரை 0, 'டக்' என்று ஒரு சத்தம், நேராக 1. கழற்றிப் பார்த்தால் ட்ரிகருக்கு அடியில் வெறும் சின்ன சுவிட்ச், ஸ்டிக்கிலும் காந்தம் இல்லை, தேயக்கூடிய சாதாரண பொட்டன்ஷியோமீட்டர்தான். கழற்றிவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம் என்றார் விற்றவர். அதனால் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். அந்த எண்கள் ஓடுவதை வீடியோ எடுத்து, பெட்டியோடு அன்றே திருப்பி அனுப்புங்கள்.

கார் விஷயத்தில், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்குபவர்கள் கவனியுங்கள்: டிஎல்சியை (இந்தக் கார் மாதிரி கேமுக்குத் தனியாக வாங்கும் கூடுதல் பொருள்) வாங்கி 14 நாளுக்குள், வாங்கியபின் கேமை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் வழக்கமாக ரீஃபண்ட் கிடைக்கும். மூன்று வாரம் கழித்து வரும் பேட்சுக்கு அது உதவாது. பட்டியலில் ஒரே கார் மேலே குவிந்திருந்தால் அடுத்து கை வைக்கப்போவது அதில்தான், அப்படிப்பட்ட காரை வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் கடைசிப் பேட்சுக்குப் பிறகு எடுத்த வீடியோவைத் தேடிப் பாருங்கள், ஓட்டுபவர் கீபோர்டா கன்ட்ரோலரா என்றும் கேளுங்கள்.

நான் இப்போது கேமோடு வந்த முதல் காருக்கே திரும்பிவிட்டேன், கீபோர்டில்தான். நேற்று 1 நிமிடம் 44 வினாடி வந்தது, காசு கொடுத்த காரைவிட இரண்டு வினாடி முன்னால்.