மஞ்சள் ஹாலஜனா, வெள்ளை எல்.இ.டி.யா: வால்பாறை மலைப்பாதைக்கு ஏற்ற ஃபாக் லைட் எது?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு மாதம் இரண்டு முறையாவது காரில் சென்று வருகிறேன். ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் மேல்பகுதியும், அதற்கும் மேலே கவர்க்கல் சுற்றுவட்டாரமும், தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பகல் இரவு என்றில்லாமல் மூடுபனிக்குள் மறைந்துவிடும். அந்தப் பாதையை மனத்தில் வைத்துத்தான் என் காரின் ஃபாக் லைட்டில் (முன் பம்பரில் உள்ள பனிவிளக்கில்) வெள்ளை எல்.இ.டி. பல்புகளைப் போட்டேன், நான்கு மாதம் கழித்து அவற்றைக் கழற்றிவிட்டு மஞ்சள் ஹாலஜன் பல்புகளைப் போட்டேன். இரண்டையும் ஒரே காரில், ஒரே விளக்குக் கூட்டில், ஒரே பாதையில் பயன்படுத்திப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். நான் மஞ்சள் ஹாலஜன் பக்கம் நிற்பவன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்.இ.டி.க்கு உள்ள நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. மின்சாரம் குறைவாக எடுக்கும், பளிச்சென்று எரியும், நல்ல தயாரிப்பாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஹாலஜன் பல்பு சில நூறு மணி நேரத்தில் கருகிவிடும். ஆனால் சில நூறு ரூபாய்க்கு எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். இவற்றை வைத்து முடிவெடுப்பதாக இருந்தால் நானும் எல்.இ.டி.யோடு நின்றிருப்பேன்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் அன்று சொன்னது இதுதான்: "கூட்டை மாத்த வேண்டியதில்லைங்க, பல்பை மட்டும் மாத்துனாப் போதுமுங்க." என் காரில் கம்பெனி கொடுத்திருந்தது எச்8 வகை, 35 வாட், 800 லூமென் ஒளி தரும் பல்பு. புதிய எல்.இ.டி. பெட்டியின் மேல் அதைப்போலப் பல மடங்கு எண் அச்சிட்டிருந்தது. மாற்றிய அன்று இரவு வீட்டு வாசல் பகல்போல இருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு மாலை, மனைவியோடு மலை ஏறிக்கொண்டிருந்தபோதுதான் உண்மை தெரிந்தது. கவர்க்கல் அருகே பனி இறங்கியதும் வழக்கம்போல டிம்மில் ஹெட்லைட்டையும் அதோடு ஃபாக் லைட்டையும் போட்டேன். பம்பருக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல ஆகிவிட்டது. சாலையோரத்துக் கறுப்பு வெள்ளைத் தடுப்புக் கற்கள் கூட அந்த வெண்மைக்குள் கரைந்துபோயின. பத்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தேன். "ஏனுங்க, அந்தக் கீழ் லைட்டை நிறுத்திப் பாருங்க" என்றாள். நிறுத்தினேன். இடப்பக்க வெள்ளைக் கோடும், அதற்கப்பால் இரண்டு மூன்று கற்களும் தெரிந்தன. பனிக்காகவே வாங்கிய விளக்கை அணைத்த பிறகுதான் பனிக்குள் பாதை தெரிந்தது என்றால், அந்த விளக்கு தன் வேலையைச் செய்யவில்லை என்றுதானே பொருள்?

இதற்குக் காரணம் ஒளி குறைந்ததன்று, ஒளி போக வேண்டாத இடத்துக்குப் போனதுதான். மூடுபனி என்பது மிதக்கும் நீர்த்துளிகளின் கூட்டம். விளக்கொளி அவற்றின் மேல் பட்டால் ஒரு பகுதி நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. நம் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள பனி எவ்வளவு ஒளியூட்டப்படுகிறதோ, அவ்வளவுக்குச் சாலை மறையும். பனியில் பிரைட் போடக்கூடாது என்பதும் இதனால்தான். ஃபாக் லைட்டைப் பம்பரின் அடியில், கண் மட்டத்துக்கு வெகு கீழே வைப்பதன் நோக்கம், பார்வைக் கோட்டுக்குக் கீழாகவே ஒளியைச் செலுத்துவது. ஐரோப்பிய விதிகள் கார்களில் இவ்விளக்கைத் தரையிலிருந்து 80 செ.மீ.க்கு மேல் பொருத்தக்கூடாது என்கின்றன. ஜீப்பின் கூரைமேல் வரிசையாக விளக்குக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் இந்த ஏற்பாட்டையே தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

தாழ வைத்தால் மட்டும் போதாது. ஃபாக் லைட்டின் ஒளி அகலமாகவும் தட்டையாகவும் விரிந்து, மேல்பக்கம் கத்தியால் அரிந்ததுபோல ஒரு விளிம்போடு முடிய வேண்டும். அந்த மேல் விளிம்புதான் இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நிறம், வாட், விலை யாவும் அதற்குப் பிறகுதான்.

இதை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எங்கள் தோப்பில் தேங்காய் காயப்போடும் களம் சமமான சிமெண்ட் தரை. ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்த மதில். டயரில் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் இருந்த சுமையை இறக்கி, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளை உட்காரவைத்து, விளக்கு மதிலுக்குச் சரியாகப் பத்து மீட்டர் தொலைவில் இருக்கும்படி காரை நிறுத்தினேன். தரையிலிருந்து ஃபாக் லைட்டின் நடுப்பகுதி 45 செ.மீ. உயரம். பத்து மீட்டருக்கு 20 செ.மீ. சரிவு இருக்க வேண்டும் என்ற கணக்கில், மதிலில் 25 செ.மீ. உயரத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு இழுத்தேன். இருட்டியதும் எல்.இ.டி.யைப் போட்டபோது அந்தக் கோட்டுக்குக் கீழும் வெளிச்சம், மேலும் வெளிச்சம். மதிலின் உச்சியில் இருந்த ஓணான்கூடத் தெளிவாகத் தெரிந்தது. விளிம்பு என்று சொல்ல எதுவுமே இல்லை. பல்பைக் கழற்றிப் பழைய ஹாலஜனைப் போட்டதும், கரிக்கோட்டுக்கு நாலு விரற்கடை மேலே, ஒரு கோடி முதல் மறுகோடி வரை நேராக ஓர் எல்லை விழுந்தது. கீழே வெளிச்சம், மேலே இருட்டு. கூட்டின் பின்புறம் உள்ள திருகை இரண்டு சுற்றுத் திருப்பியதும் எல்லை கரிக்கோட்டில் வந்து உட்கார்ந்தது.

கூடு ஒன்றேதான், பல்பு மட்டுமே வேறு. அப்படியிருந்தும் இவ்வளவு மாற்றம் ஏன் என்றால், கூட்டின் உள்ளே ஒளியை முன்னோக்கித் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர், ஹாலஜன் பல்பின் சில மில்லிமீட்டர் நீளமுள்ள இழை எந்த இடத்தில் எரியும் என்பதைக் கணக்கிட்டே வளைக்கப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. ஒரு தட்டையான தண்டின் இரு பக்கங்களில் சிப்புகள் ஒட்டியிருக்கும். ஒளி இரு பக்கமும் பாயும், மேலும் கீழும் நிழல் விழும், தண்டின் கனத்தால் புறப்படும் இடமே சற்று விலகியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் விலகல் பத்து மீட்டருக்கு அப்பால் பெரிய சிதறலாகிவிடுகிறது. ஹோல்டரில் தண்டைச் சிறிது திருப்பிப் பொருத்தினாலும் ஒளியின் வடிவம் மாறுகிறது. நானும் மூன்று கோணங்களில் திருப்பிப் பார்த்தேன். சிதறல் குறைந்தது, விளிம்பு மட்டும் திரும்பி வரவில்லை. இதே காரணத்தால் எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும். மேலும், கம்பெனி கொடுத்த நிலையிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

இனி மஞ்சள் நிறத்துக்கு வருகிறேன். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நெடுநாள் நம்பினேன். அது சரியன்று. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான சிதறல், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய காற்று மூலக்கூறுகளால் நிகழ்வது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. மூடுபனித் துளியோ பெரும்பாலும் பத்து, இருபது மைக்ரான் அளவில் இருக்கும். அத்தனை பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கிறது. மூடுபனி வெண்மையாகத் தெரிவதே அதற்குச் சான்று. மஞ்சளால் கிடைப்பது வேறொரு நன்மை: நீல ஒளி கழிந்துவிடுவதால் கண்ணுக்குக் கூச்சம் குறைகிறது. பிரான்சில் 1930களின் பிற்பகுதி முதல் 1993 வரை கார்களின் முன்விளக்குகளே மஞ்சளாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இருபது வளைவுகள் பனிக்குள் ஓட்டிய பிறகு என் கண்ணில் எரிச்சல் இல்லை என்பது என் அனுபவம். ஆனால் அது மஞ்சளால் வந்ததா, சரியான விளிம்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் விளிம்புக்கே முதல் மதிப்பெண் கொடுப்பேன். சாதாரண ஹாலஜனை அப்படியே வைத்திருப்பவர்கள் மஞ்சளுக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

பராமரிப்பில் ஒரு சிறு செய்தி. ஹாலஜன் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்குகிறது. மலை மழையில் கூட்டுக்குள் கோத்துக்கொள்ளும் ஈரத்தை அந்த வெப்பம் கால் மணி நேரத்தில் உலர்த்திவிடுகிறது. எல்.இ.டி. இருந்த மாதங்களில் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நாட்கணக்கில் நின்றது. அதற்காக 35 வாட் கூட்டில் நூறு வாட் ஹாலஜனைச் செருகிவிடக் கூடாது. ஹோல்டர் உருகி, ரிஃப்ளெக்டரின் பூச்சும் கெட்டுவிடும்.

எந்த விளக்கைப் போட்டாலும், அதைப் பயன்படுத்தும் முறையையும் மேல் விளிம்பின் கணக்கே சொல்லிவிடுகிறது. 45 செ.மீ. உயரத்திலிருந்து பத்து மீட்டருக்கு 20 செ.மீ. இறங்கும் ஒளி, 22 மீட்டர் சொச்சத்தில் தரையைத் தொட்டு முடிந்துவிடும். ஃபாக் லைட் காட்டும் உலகம் அவ்வளவுதான். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் கார் நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. காலைப் பிரேக்குக்குக் கொண்டுவர ஒரு நொடி ஆனால் 11 மீட்டர் போய்விட்டது. ஈரச் சாலையில் நிற்க மேலும் சுமார் 12 மீட்டர். கூட்டினால் வெளிச்சத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 15 மீட்டருக்குள் நின்றுவிடலாம். அதனால் அடர்ந்த பனியில் முப்பதைத் தாண்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். வளைவில் யானை நிற்கும் பாதை அது; வரையாடுகள் தடுப்புச் சுவர் மேலேயே நிற்கும்.

பிரிட்டனின் சாலை விதிகள் பார்வை பொதுவாக 100 மீட்டருக்குக் கீழே போகும்போதுதான் இவ்விளக்கைப் போட அனுமதிக்கின்றன. பார்வை தெளிந்ததும் அணைத்துவிட வேண்டும். நூறு மீட்டர் என்பது நம் அரசுப் பேருந்துகள் ஒன்பதை வரிசையாக நிறுத்திய தூரம். அவிநாசி சாலையில் தெருவிளக்கு எரியும்போது ஃபாக் லைட்டோடு போகிறவர்களால் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரர்தான் துன்பப்படுகிறார், அதிலும் நனைந்த தார்ச்சாலை கண்ணாடிபோல ஒளியை எதிரொளிக்கும்போது. சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது அது ஓட்டுகிறவருக்கே கெடுதல். காலடியில் வெளிச்சம் மிகுந்தால் கண்ணின் பாவை சுருங்கி, தொலைவில் நிற்கும் லாரி மங்கலாகிவிடும்.

பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட் உள்ளவர்கள், பின்னால் வருகிறவர் நெருங்கி வந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிரேக் விளக்கு எரிவது அவருக்குத் தெரியாது. ஜெர்மனியில் 50 மீட்டருக்கும் குறைந்த பார்வையில்தான் அதைப் போட அனுமதி. நான்கு இண்டிகேட்டரும் மின்ன மலை ஏறுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் அந்த வண்டி திரும்புகிறதா, நிற்கிறதா என்று மேலிருந்து இறங்குகிறவரால் அறிய முடியாது.

எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த முழுக் கூடு, லென்ஸோடு சேர்ந்து வருவது, தனி வகை. அதில் விளிம்பு சரியாகவே விழும். உறவினர் ஒருவரின் புதிய காரில் அப்படிப்பட்ட விளக்கோடு இரண்டு முறை மலை ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் பனி லேசாகத்தான் இருந்தது, அதனால் அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். கூட்டுக்குள் ஈரம் கோத்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு முழுப் பருவமழை பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். கம்பெனியிலிருந்தே அப்படி வரும் காரை வைத்திருப்பவர்கள் எதையும் கழற்ற வேண்டாம். ஹாலஜன் கூட்டோடு வந்த கார் என்றால், எல்.இ.டி. பல்பை வாங்குவதற்கு முன் ஒரு மதிலையும் ஒரு கரித்துண்டையும் தேடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் அதே களத்தில் நான் ஒவ்வோர் ஆண்டும் கோட்டைப் புதிதாக இழுத்துத் திருகைச் சரிபார்க்கத் தீர்மானித்திருக்கிறேன்.