ஆர்வோ பேர்ட்டின் ‘தபுலா ராசா’: இளக்கம் காட்டாத மென்மை

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் இசை, உறக்கத்துக்கும் தியானத்துக்கும் என்று இணையத்தில் திரட்டப்படும் ஒலித்தொகுப்புகளில் இன்று தாராளமாக இடம்பெறுகிறது. நம் காலத்துச் செவ்வியல் இசையமைப்பாளர்களில் உலகெங்கும் மிக அதிகமாக வாசிக்கப்படுபவர்களுள் அவர் ஒருவராக இருப்பதற்கு, அந்த இசையின் எளிய தோற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே தோற்றம், அவர் ஏதோ ஆறுதல் மருந்து தயாரிப்பவர் என்ற எண்ணத்தையும் பரப்பிவிட்டது. 1984இல் இசிஎம் நிறுவனம் வெளியிட்ட ‘தபுலா ராசா’ (‘வெற்றுப் பலகை’) இசைத்தட்டைக் கவனம் சிதறாமல் கேட்பவர் அந்த எண்ணத்தைக் கைவிட நேரும் என்றே நான் கருதுகிறேன். இதிலுள்ள இசை மென்மையானதுதான். ஆனால் அதில் இளக்கம் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. அந்த விதியைக் கண்டடைவதற்காக அதை வகுத்தவர் தம் வாழ்வின் நடுப்பகுதியில் எட்டு ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறார்.

மியூனிக் நகரில் 1969இல் மான்ஃபிரெட் ஐஷர் தொடங்கிய இசிஎம், அதுவரை ஜாஸ் இசைக்குப் பெயர்பெற்ற நிறுவனம். காரில் சென்றுகொண்டிருந்தபோது வானொலியில் ‘தபுலா ராசா’ ஒலிப்பதைக் கேட்ட ஐஷர், வண்டியை நெடுஞ்சாலையிலிருந்து விலக்கி நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார் என்பதும், இயற்றியவர் யார் என்று அறிந்துகொள்ள அவருக்கு நெடுநாள் பிடித்தது என்பதும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். எழுதி வைத்து வாசிக்கப்படும் இசைக்காகவே ‘நியூ சீரிஸ்’ என்றொரு தனி வரிசையை அவர் தொடங்கியதும், அதன் முதல் வெளியீடாக இந்தத் தட்டைக் கொண்டுவந்ததும் அதன் விளைவுகள். நான்கே உருப்படிகள், ஏறத்தாழ 55 நிமிடங்கள். நான்கும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு குழுக்களால், 1977க்கும் 1984க்கும் இடையே பதிவு செய்யப்பட்டவை. அப்படியிருந்தும் ஒரே அமர்வில் வாசித்தவை போல ஒட்டி நிற்கின்றன.

இசையை எடைபோடுவதற்கு முன் இசையமைப்பாளரின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்பது அவசியம். ஏனெனில் இந்தத் தட்டு ஒரு வாழ்க்கை இரண்டாக முறிந்த இடத்திலிருந்து பிறந்தது. பேர்ட் 1935 செப்டம்பர் 11 அன்று எஸ்தோனியாவின் பைடே என்ற சிற்றூரில் பிறந்து, ரக்வெரேயில் வளர்ந்தவர். வீட்டிலிருந்த பழைய பியானோவில் நடுப்பகுதிக் கட்டைகள் பழுதாகி, மேற்கோடியும் கீழ்க்கோடியும் மட்டுமே ஒழுங்காக ஒலித்தன. பிற்காலத்தில் அவர் எழுதிய இசையில் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் நடுவில் பெரும் வெளியை விட்டுவிட்டு நிற்பதைக் கேட்கும்போது அந்தப் பியானோ நினைவுக்கு வராமல் போவதில்லை. தாலின் இசைப்பள்ளியில் ஹைனோ எல்லரிடம் பயின்றபடியே எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பொறியாளராகவும் பணியாற்றினார். 1960இல் அவர் எழுதிய ‘நெக்ரோலோக்’, பன்னிரு ஸ்வர முறையில், அதாவது பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சம இடம் தரும் நவீன முறையில், அமைந்த முதல் எஸ்தோனியப் படைப்பு. எஸ்தோனியா அப்போது சோவியத் ஆட்சியின்கீழ் இருந்தது; மேற்கத்திய முதலாளித்துவத்தின் பாதிப்பு என்று அந்தப் படைப்பு சோவியத் இசைச் சங்கத்தின் கண்டனத்துக்கு ஆளானது. 1968இல் நீமே யார்வியின் நடத்துகையில் அரங்கேறிய ‘கிரேடோ’ அதைவிடப் பெரிய புயலைக் கிளப்பியது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சி மேஜர் பிரெலூடில் தொடங்கி, பன்னிரு ஸ்வர அமளியில் நொறுங்கி, மீண்டும் பாக்கிடமே திரும்பும் அந்தப் படைப்பில், ‘இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கிறேன்’ என்ற லத்தீன் வரியைப் பாடகர் குழு வெளிப்படையாகப் பாடியது. ஆட்சியாளர்களுக்கு ஸ்வரங்களை விட அந்த வரியே உறுத்தியது. அதன்பின் அவருடைய படைப்புகள் மேடையேறுவதற்கான கதவுகள் மூடிக்கொண்டன.

வெளியிலிருந்து வந்த தடையை விட உள்ளுக்குள் நேர்ந்த வறட்சி கடுமையானது. கையிலிருந்த நவீன உத்திகள் எதிலும் அவருக்கு நம்பிக்கை எஞ்சவில்லை. 1971இல் எழுதிய மூன்றாம் சிம்பொனி போன்ற சிலவற்றைத் தவிர, 1976 வரை அவர் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். கிரெகோரியத் திருச்சபைப் பாடல்களையும் மத்தியகாலப் பல்குரல் இசையையும் பயின்றார்; குறிப்பேடு குறிப்பேடாக ஒற்றை வரி மெட்டுகளை எழுதித் தள்ளினார்; 1972இல் ஆர்த்தடாக்ஸ் சபையில் இணைந்தார். 1976இல் ‘ஃபூர் அலினா’ என்ற சிறு பியானோ உருப்படியுடன் அவர் கண்டடைந்த முறைக்கு டின்டினாபுலி (லத்தீனில் ‘சிறு மணிகள்’) என்று பெயர். ஒரு குரல் ஸ்கேலின், அதாவது ஸ்வர வரிசையின், படிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். கூடவே வரும் மற்றொரு குரல் மூல முக்கூட்டின் ஸ்வரங்களை, அதாவது மைனராக இருந்தால் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றை மட்டுமே ஒலிக்கும். முதல் குரல் எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ அதற்கு மேலோ கீழோ மிக அருகிலுள்ள அல்லது அதற்கடுத்த முக்கூட்டு ஸ்வரத்தை இரண்டாவது குரல் ஏற்க வேண்டும். இசையமைப்பாளரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்று என்பது இம்முறைக்கு அவருடைய மனைவி நோரா தந்த சூத்திரம். தட்டிலுள்ள மூன்று படைப்புகளும் (ஒன்று இரு வடிவங்களில் வருகிறது) 1977இல், இந்த முறை கைவந்த சூட்டோடு எழுதப்பட்டவை.

முதல் உருப்படி ‘ஃபிராட்ரெஸ்’, வயலினுக்கும் பியானோவுக்குமான வடிவம். கிடோன் கிரேமரின் வயலின் நான்கு தந்திகளிலும் தாவித் தாவி ஓடும் தொடக்கம், இசை அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவரை உடனே நிமிர்ந்து உட்காரச் செய்யும். பின்னர் பியானோ தாழ்ந்த ஸ்தாயியில் அடித்து நிறுத்த, ஒரே ஸ்வரக்கோவை வரிசை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் இன்னும் தாழ்ந்து, கீழிறங்கி வருகிறது. கர்நாடக இசையில் பழகிய காதுக்கு இந்த மெட்டின் ஸ்வரங்கள் வகுளாபரண ராகத்தின் சாயலைத் தரும். ஆனால் கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை, மேலும் மெட்டிலுள்ள அந்தர காந்தாரத்தோடு உடன்குரலின் சாதாரண காந்தாரம் உரசிக்கொண்டே இருக்கிறது. அந்த உரசலில்தான் இந்த இசையின் வலி இருக்கிறது. பியானோ வாசிப்பவர் ஜாஸ் கலைஞர் கீத் ஜாரெட். 1975இல் கொலோன் நகரில் ஒரு முழுக் கச்சேரியையும் மனோதர்மத்தால் நிரப்பியவர், இங்கே ஒரு ஸ்வரம் கூடச் சொந்தமாகச் சேர்க்காமல், ஒவ்வொன்றையும் அளந்து வைக்கிறார். இருவருடைய வாசிப்பிலும் முரட்டுத்தனம் சற்று உண்டு. பிற்காலத்தில் பலர் இதை இன்னும் வழவழப்பாக வாசித்திருக்கிறார்கள். நான் இந்த முரட்டுத்தனத்தின் பக்கம்.

அடுத்து வருவது, 1976 டிசம்பரில் மறைந்த ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக எழுதப்பட்ட ‘கான்டுஸ்’. ஐந்து நிமிடம், தந்திவாத்தியக் குழுவும் ஒரே ஒரு மணியும் மட்டும். இதைவிடக் குறைந்த முதலில் இதைவிடப் பெரிய இசைக் கட்டடத்தை இருபதாம் நூற்றாண்டில் வேறு யாரும் எழுப்பியதாக எனக்குத் தெரியவில்லை. மூலப்பொருள் ஏ மைனர் ஸ்கேலின் இறங்குமுகம். நம் கணக்கில் நடபைரவி ராகத்தின் அவரோகணம். முதல் வயலின்கள் அதை மேலிருந்து தொடங்குகின்றன, ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்வரம் கூடுதலாக இறங்குகின்றன. இரண்டாம் வயலின்கள் அதையே பாதி வேகத்திலும், வயோலா அதிலும் பாதியிலும், செல்லோ அதிலும் பாதியிலும் இசைக்க, டபுள் பாஸ் முதல் வயலினை விடப் பதினாறு மடங்கு மெதுவாக நகர்கிறது. ஐந்து காலங்களில் ஒரே அவரோகணம்! பல்லவியைக் காலம் மாற்றிப் பாடுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது. வேறுபாடு என்னவென்றால், இங்கே எல்லாக் காலங்களும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. காதில் விழுவதோ கணக்கு அல்ல. மேலிருந்து கீழே ஓயாமல் சரிந்துகொண்டிருக்கும் ஒரு பெரும் துக்கம். ஒவ்வொரு பகுதியும் தன் இறுதி ஸ்வரத்தை அடைந்து அங்கேயே ஊன்றி நிற்க, ஒலி பெருகிப் பெருகிச் சட்டென்று அறுபடுகிறது. அப்போதுதான் மணியின் ரீங்காரம் அத்தனை நேரமும் அடியில் இருந்தது தெரியவருகிறது. டென்னிஸ் ரஸல் டேவிஸ் நடத்தும் ஸ்டுட்கார்ட் இசைக்குழு இந்த முடிவில் அவசரப்படவில்லை என்பது பெரிய விஷயம்.

1980 ஜனவரியில் பேர்ட் குடும்பத்துடன் சோவியத் நாட்டை விட்டு வெளியேறியபோது, பிரெஸ்ட் எல்லை ரயில் நிலையத்தில் அவர்களுடைய பெட்டிகள் சோதனைக்கு உள்ளாயின. பெட்டிகளில் இருந்தவை இசைப்பிரதிகளும் இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும்தாம். அதிகாரிகள் ஒரு தட்டைப் போட்டுக்காட்டச் சொல்ல, ஆளற்ற அந்த நிலையத்தில் ஒலித்தது இந்தக் ‘கான்டுஸ்’. காவலர்கள் நட்புடன் நடந்துகொண்டார்கள் என்று பேர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அங்கிருந்து வியன்னா, மறு ஆண்டு பெர்லின். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே அவர் எஸ்தோனியாவுக்குத் திரும்பிக் குடியேறினார்.

மூன்றாவது உருப்படி மறுபடியும் ‘ஃபிராட்ரெஸ்’, இம்முறை பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் பன்னிரண்டு செல்லோ கலைஞர்கள் வாசிப்பது. அடியில் ஷட்ஜ பஞ்சமம் தம்புராவைப் போல நெடுக நின்றுகொண்டிருக்க, அதன்மேல் மெட்டு நகர்கிறது. வாசிப்பில் குறை காண முடியாது. ஆனாலும் நான்கே உருப்படிகள் கொண்ட தட்டில் ஒரே படைப்புக்கு இரண்டு இடம் தந்திருப்பது எனக்கு உடன்பாடானதன்று. கருவி எதுவாயினும் அமைப்பு மாறாது என்பதை நிறுவ இது உதவுகிறது என்பது உண்மைதான். அந்தப் பாடத்துக்காகப் பன்னிரண்டு நிமிடம் சற்று அதிகம்.

தட்டின் பெயரைத் தாங்கிய இறுதி உருப்படி இரண்டு வயலின், தந்திவாத்தியக் குழு, ஒலி மாற்றப்பட்ட பியானோ ஆகியவற்றுக்கான இரட்டை கன்செர்ட்டோ, அதாவது தனிக்கருவிகள் இரண்டும் குழுவும் எதிரெதிர் நின்று வாசிக்கும் வடிவம். நண்பரும் சோவியத் இசையமைப்பாளருமான அல்பிரெட் ஷ்னிட்கேயின் ஒரு படைப்போடு சேர்த்து வாசிப்பதற்காக, அதே கருவிகளுக்கு ஏதேனும் எழுதித்தருமாறு இசைக்குழு நடத்துநர் எரி கிளாஸ் கேட்டதால் பிறந்தது. 1977 செப்டம்பரில் தாலினில் அரங்கேறியது. தட்டிலுள்ளது அதே ஆண்டு நவம்பரில் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் வானொலிக்காக எடுக்கப்பட்ட மேடைப்பதிவு. கிரேமரும் டட்டியானா கிரிந்தென்கோவும் வயலின். சௌலியுஸ் சோண்டெக்கிஸ் நடத்தும் லிதுவேனிய சேம்பர் இசைக்குழு. தந்திகளுக்கிடையே திருகாணிகள் செருகப்பட்டு மணியோசை எழுப்பும் பியானோவில் ஷ்னிட்கேயே அமர்ந்திருக்கிறார். ஸ்டுடியோப் பதிவின் தூய்மை இதில் இல்லை. அந்தக் குறையைப் பொருட்படுத்த வேண்டியதும் இல்லை. அரங்கேறி ஓரிரு மாதங்களே ஆன ஒரு படைப்பை, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று முழுமையாக அறியாதவர்கள் வாசிக்கும் பதற்றம் இதில் பதிவாகியிருக்கிறது.

முதல் பகுதியான ‘லூடுஸ்’, வயலின்கள் ஓங்கி எழுப்பும் ஒற்றை ஸ்வரத்தில் தொடங்கி உடனே நீண்ட மௌனத்தில் விழுகிறது. கருவி பழுதாகிவிட்டதோ என்று முதல்முறை கேட்பவர் ஐயுறும் அளவுக்கு அந்த மௌனம் நீளமானது. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இசை நீள்கிறது, இடையிலுள்ள மௌனம் குறைகிறது. இறுதியில் மௌனத்துக்கே இடமின்றி வயலின்கள் வெறிகொண்டு ஓட, முழுக் குழுவும் பெரும் மோதலில் வந்து முட்டுகிறது. இரண்டாம் பகுதியான ‘சிலென்டியும்’ டி மைனரில் அமைந்தது. பியானோ ஒரு கோவையை உருட்டிவிட, வயலின்களும் செல்லோவும் மூன்று வேறு வேகங்களில் மூல ஸ்வரத்திலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு முறையும் சற்று அதிகத் தொலைவு சென்று திரும்புகின்றன. வேகமானவை தங்கள் எல்லையைக் கடந்து ஒவ்வொன்றாக நின்றுவிட, கடைசியில் டபுள் பாஸ் மட்டும் ஆழத்தில் ஒவ்வொரு ஸ்வரமாக இறங்கி, ஷட்ஜத்துக்கு ஒரு படி முன்னால் ஓய்ந்துவிடுகிறது. அந்தக் கடைசி ஷட்ஜத்தை இசையமைப்பாளர் எழுதவில்லை. ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு மேலாக விதியைக் கேட்டுப் பழகிய காது அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. விதி எத்தனை கண்டிப்பானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாங்குவோருக்குச் சில சொற்கள். இசிஎம் பட்டியல் 2017 முதல் இணைய ஒலியோடைச் சேவைகளிலும் கிடைக்கிறது. விளம்பரம் குறுக்கிடும் இலவசக் கணக்கில் இந்தத் தட்டைக் கேட்பது வீண். ‘லூடுஸ்’ மௌனத்தின் நடுவே சோப்பு விளம்பரம் வந்தால் எதுவும் மிஞ்சாது. வரிசை மாற்றிக் கேட்பதும், அறிதிறன்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்பதும் வேண்டாம். டபுள் பாஸின் கடைசி இறக்கம் அதில் காதுக்கே எட்டாது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே இடைவெளி பெரிது என்பதால், பேருந்துப் பயணத்துக்கும் இது உகந்ததன்று. இயன்றவர்கள் குறுந்தகட்டை வாங்குவதே நல்லது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பேர்ட்டின் பிற்காலப் பெரும்படைப்புகள் பெரும்பாலும் மனிதக் குரலுக்காக, திருச்சபை வாசகங்களின் மேல் எழுப்பப்பட்டவை. இந்தத் தட்டில் குரலே இல்லை. யோவான் நற்செய்தி சொல்லும் இயேசுவின் பாடுகளுக்கு 1982இல் எழுதி முடித்த இசைவடிவமான ‘பாஸியோ’வை ஹில்லியர்ட் பாடகர் குழுவின் பதிவில் கேட்டால்தான், சொல்லின் அசைக் கணக்கே மெட்டின் கணக்காவதை உணர முடியும். அதேபோல் 1968க்கு முந்தைய பேர்ட்டும் இங்கே இல்லை. ‘கிரேடோ’வை முதன்முதலில் நடத்திய நீமே யார்வியே பிற்காலத்தில் லண்டன் ஃபில்ஹார்மோனியா குழுவுடன் அதைப் பதிவு செய்திருக்கிறார். ‘தபுலா ராசா’ கைக்கு வந்தபின், ஓரிரு நாள் இடைவெளி விட்டு, அந்தப் பதிவையும் உரத்த ஒலியில் கேட்பது நல்லது. எதையெல்லாம் விலக்கிவிட்டு அவர் இந்த இடத்துக்கு வந்தார் என்பது அப்போது தெளிவாகும்.