மே மாதத்தில் ஓடுவது எந்தத் தண்ணீர்? கூவத்துக்குச் சொல்லப்படும் வழிகள், ஓர் ஒப்பீடு

கூவத்தை என்ன செய்யலாம் என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் கையில் ஒரு பதில் வைத்திருப்பார்கள். ஒழுங்காகத் தூர்வாரினாலே போதும் என்பார் ஒருவர். சிங்கப்பூர் மாதிரி கரையைப் பூங்கா ஆக்கணும் என்பார் இன்னொருவர். சியோல் நகரத்து ஓடையை வீடியோவில் பார்த்தவர் அதைச் சொல்வார். முகத்துவாரத்து மணலை அள்ளிவிட்டால் கடலே உள்ளே வந்து கழுவிக்கொடுக்கும் என்பவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் வெறும் கற்பனை இல்லை, எங்கோ ஓரளவு நடந்தவைதான். சிக்கல் என்னவென்றால், நாம் இவற்றைப் படங்களை வைத்து ஒப்பிடுகிறோம். கரை பசேல் என்று இருக்கிறதா, நடைபாதை இருக்கிறதா என்று பார்க்கிறோம். நான் வேறொரு கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். மழை நின்று நாலைந்து மாதம் ஆன பிறகு, மே மாதத்தில், அங்கே ஓடுவது எந்தத் தண்ணீர்?

சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். கூவம் ஏரிகளின் உபரியை வாங்கி ஓடும் மழைக்கால ஆறு. அந்த உபரியையும் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் மறித்துச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறோம், நம் குடிநீருக்காக. அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் கோடையில் நகருக்குள் கூவமாக ஓடுவது நாமே அனுப்பிய கழிவுநீர்தான் என்பது இதனால் உறுதியாகிவிடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையான கூவத்தில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம். பி.ஓ.டி. என்று சொல்வார்களே, அதுதான். நீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு; எண் கூடக்கூட அழுக்கும் கூடுதல். நாட்டிலேயே மோசமான அளவு அது. குளிக்கத் தகுந்த நீருக்கு இது 3-ஐத் தாண்டக்கூடாது. வீட்டுச் சாக்கடையில் சாதாரணமாக 200 முதல் 300 வரை இருக்கும். ஆறு, சாக்கடையைவிடக் கெட்டியாக இருந்திருக்கிறது.

கோடையில் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு பாலத்தில் நின்று கீழே பார்த்தால் நூலில் படிக்க வேண்டியதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து, மழையே இல்லாத நாளில், சாம்பல் நிறத்தில் ஒரு தாரை விடாமல் விழுந்துகொண்டிருக்கும். சற்றுத் தள்ளி நீரின் மேல் கொப்புளங்கள் வந்து வந்து உடையும். அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் எல்லாம் அழுகுவதால் வரும் வாயு அது. சில நேரம் சேறே அந்த வாயுவின் பலத்தில் கறுப்புத் தட்டாகப் பெயர்ந்து மேலே வந்து, கொஞ்ச தூரம் மிதந்துவிட்டு மறுபடி மூழ்கும். முட்டை அழுகிய நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பதும், கரையோர வீடுகளில் ஏசியின் செம்புச் சுருளை அரிப்பதும் அதே வாயுதான். இந்த இடத்தில் கரையில் மரம் நட்டால் மரம் நன்றாகவே வளரும். தண்ணீருக்குள் எதுவும் மாறாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

தூரும் சுவரும்

அதிகம் செய்யப்படுவது இதுதான். பொக்லைன் இறங்கும், சேற்றை வாரிக் கரையில் குவிக்கும், அள்ளிப் போகும் லாரி வருவதற்குள் மழை வந்து பாதியை மறுபடி உள்ளே தள்ளிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெள்ளத்துக்காக இது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றின் ஆரோக்கியம் என்று பார்த்தால் பூஜ்யம். சேறு உண்டாகும் காரணம் அப்படியே இருக்கிறது. கடலை ஒட்டிய பகுதியில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது முகத்துவாரம். உள்ளே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அது பள்ளமாகி நிரம்புமே தவிர ஓட்டம் கூடாது.

கான்கிரீட் போட்டால்? அதே சரிவு, அதே அளவுள்ள வாய்க்காலில் மண்கரையைவிடக் கான்கிரீட்டில் நீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் போகும். பொறியாளர்களுக்கு இது பிடிப்பதன் காரணம் இதுதான், நியாயமான காரணமும்கூட. குறுகிய இடத்தில் அதிக வெள்ளத்தைக் கடத்தலாம். ஆனால் நிலத்தடி நீரோடு தொடர்பு அறுந்துவிடும், நிழல் இருக்காது, புழுவுக்கும் நத்தைக்கும் ஒட்ட இடம் கிடையாது.

சியோல்: விலைக்கு வாங்கிய ஓட்டம்

சொங்கியேச்சன் ஓடையின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1950-களின் கடைசியிலிருந்து மூடி, மேலே மேம்பாலச் சாலையும் போட்ட ஓடையை 2003-இல் உடைக்கத் தொடங்கி 2005 அக்டோபரில் திறந்தார்கள். நீளம் 5.8 கிலோமீட்டர். அப்போது மேயராக இருந்த லீ மியுங்-பாக் பிறகு அந்நாட்டு அதிபரானார். ஓடையும் அதற்கு ஓரளவு உதவியிருக்கும்.

நம் கேள்வியைக் கேட்போம். அங்கே வறண்ட காலத்தில் ஓடுவது எந்தத் தண்ணீர்? ஹான் ஆற்றிலிருந்தும் சுரங்க ரயில் பாதைகளில் ஊறும் நிலத்தடி நீரிலிருந்தும் பம்பு வைத்து இறைப்பது, நாளுக்குச் சுமார் 1,20,000 டன். அதாவது 12 கோடி லிட்டர். மோட்டாரை நிறுத்தினால் ஓடை இல்லை. அதனால்தான் சுற்றுச்சூழல்காரர்கள் பலர் அதை நீளமான செயற்கை நீரூற்று என்று கிண்டல் செய்தார்கள். ஆனாலும் மீன் வந்தது, பறவை வந்தது, பக்கத்துச் சாலைகளைவிட ஓடையோரம் வெப்பம் சில டிகிரி குறைந்தது. கழிவுநீரைத் தனிக் குழாயில் பிரித்துவிட்டு, மேலே நல்ல நீரை ஓடவிட்டதால் வந்த பலன் அது.

நமக்கு ஹான் ஆறு இல்லை. குடிக்கவே வீராணத்திலிருந்தும் கடல்நீரைச் சுத்திகரித்தும் கொண்டுவரும் ஊர், ஓடைக்காக நன்னீர் இறைக்க முடியாது. ஆனால் அந்த 12 கோடி லிட்டர் என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்: நிலமிருந்தால்

பிஷான்–அங் மோ கியோ பூங்காவில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்தது. அதையே எல்லா இடத்துக்கும் சிபாரிசு செய்கிறார்களே என்பதுதான் எரிச்சல். காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் வாய்க்காலாக இருந்தது. அதை உடைத்து, சுமார் 3 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து போகும் மண்கரை ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். கரைமண் சரியாமல் பிடிக்கச் செடிவேர், கல், தென்னைநார் விரிப்பு என்று பத்து விதமான முறைகளை முதலில் ஒரு சிறு துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டே பெரிய வேலையில் இறங்கினார்கள். வெள்ளம் வந்தால் புல்வெளி முங்கும், அதற்காகவே விட்டது. நீர்மட்டத்தை அளக்கும் கருவி, சைரன், எச்சரிக்கை விளக்கு எல்லாம் உண்டு. பிறகு நீர்நாய்க் குடும்பமே வந்து குடியேறியது.

படத்தில் தெரியாத இரண்டு விஷயங்கள் இதில் உண்டு. முதலாவது அகலம். 20 மீட்டர் அளவில் இருந்த வாய்க்கால், வெள்ளத்தின்போது பரவ ஏறக்குறைய 100 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன வேகக் கணக்குதான். மண்கரையில் நீர் மெதுவாகப் போகும், ஆகவே இடம் அதிகம் வேண்டும். அங்கே அந்த இடம் 62 ஹெக்டேர் பூங்காவாக ஏற்கெனவே அரசிடம் இருந்தது. கூவக்கரையில் இடம் எப்படிக் கிடைத்தது என்று நமக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெருநகரின் நடுவிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பித்தான். வேலையும் பள்ளிக்கூடமும் 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விட்டன. ஆற்றுக்குள் கால் நீட்டியிருக்கும் பெரிய கட்டடங்களிடம் அந்த வேகம் காட்டப்படவில்லை.

இரண்டாவது, பூங்காவுக்கு முன்னால் நடந்த வேலை. 1977-இல் லீ குவான் யூ சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்து ஆண்டில் சுத்தமாக்கச் சொன்னார். 1987 வரை ஓடிய வேலை அது. நூற்றுக்கணக்கான பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன, தெருவோரக் கடைகள் மாற்றப்பட்டன, சரக்குப் படகுகள் வேறிடம் போயின, வீடுகளுக்குச் சாக்கடை இணைப்பு போனது. மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு என்பது அங்கே இன்று பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அப்புறம் கால் நூற்றாண்டு கழித்துத்தான் வளைவும் நெளிவும். கூடவே அந்த ஊரில் ஆண்டு முழுக்க மழை. நம் மே மாதம் அவர்களுக்குக் கிடையாது. கூவத்துக்காக 2010 வாக்கில் சிங்கப்பூரிடம் ஆலோசனை கேட்கப் போனவர்கள் இந்த வரிசையையும் கேட்டு வந்திருக்க வேண்டும்.

கடலே கழுவட்டும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் கூவத்தின் வாயும் அடைந்துகொண்டே இருக்கிறது. மணலை அள்ளி வாயைத் திறந்து வைப்பது வெள்ளத்துக்கு நல்லது, கடைசிச் சில கிலோமீட்டரில் மடவை மீன் உள்ளே வர உதவும். ஆனால் இங்கே கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், அதாவது ஓதம், ஒரு மீட்டர் அளவுதான். அந்த மூச்சு கோயம்பேடு வரை எட்டாது. 1970-களின் தொடக்கத்தில் கூவத்தில் துறை கட்டிப் படகுகூட விட்டார்கள். எவ்வளவு நாள் நீடித்தது என்பதை வயதானவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

வழிமறித்தல், கோரைப்படுகை

மிச்சமிருப்பவை இரண்டு. வடிகால் வாயில் சிறு தடுப்பு கட்டி, வறண்ட காலத்தில் வரும் கழிவுநீரைத் தொட்டியில் சேர்த்து, பம்பு மூலம் கழிவுநீரேற்று நிலையத்துக்கு அனுப்புவது ஒன்று. மழைக்காலத்தில் வெள்ளம் தடுப்பைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விடும். படம் எடுக்க ஒன்றுமே இல்லாத வேலை. பலவீனங்களும் இருக்கின்றன. கரண்ட் போனால் ஆற்றில்தான் வழியும். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அவசரத்துக்கு மழைநீர் வடிகாலில் திறந்துவிடும் பழக்கம் தொடர்ந்தால், தொட்டி எத்தனை கட்டினாலும் போதாது. இரவில் வந்து கொட்டும் கழிவுநீர் லாரியைத் தொட்டி தடுக்காது.

மற்றொன்று கோரை, நாணல், கல்வாழை நட்ட படுகையில் கழிவுநீரை மெதுவாக ஓடவிட்டு, வேரில் வாழும் நுண்ணுயிர்களை வேலை செய்யவைப்பது. மின்சாரம் அதிகம் வேண்டாம், பறவை வரும், எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பநாட்டில்கூட ஓர் ஆளின் கழிவுநீருக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் படுகை வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு 25 முதல் 50 ஏக்கர். அடையாறு முகத்துவாரத்தில் 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா மொத்தமே 58 ஏக்கர். அதை முழுக்கக் கோரைப்படுகையாக்கினாலும் ஒன்றிரண்டு லட்சம் பேருக்குத் தாண்டாது. வாய்க்காலுக்குள்ளேயே மிதக்கும் செடித்தட்டுகளை விடுவது இன்னும் சொற்பம். இந்த அளவு கெட்டியான நீரில் அவை அலங்காரம்தான்.

ஆனால் இந்த இரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவதே தப்பு என்று நினைக்கிறேன். வழிமறித்து எல்லாக் கழிவுநீரையும் எடுத்துவிட்டால் மே மாதத்தில் கூவத்தில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. காய்ந்த சேறு, நாலு ஆகாயத்தாமரை. இங்கேதான் அந்த 12 கோடி லிட்டர் வருகிறது. கூவக்கரையை ஒட்டிய கோயம்பேட்டுச் சுத்திகரிப்பு வளாகத்தில் ஒரு நிலையத்தின் கொள்ளளவு மட்டுமே நாளுக்கு 12 கோடி லிட்டர். சியோல் மோட்டார் வைத்து இறைக்கும் அதே அளவு! சாதாரணமாகச் சுத்திகரித்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிச்சமிருக்கும், பாசியும் ஆகாயத்தாமரையும் அதைத் தின்றுதான் கொழுக்கின்றன. அந்த மிச்சத்தை எடுக்கக் கோரைப்படுகை நல்ல ஆள். சுத்திகரிக்காத சாக்கடைக்கு வேண்டிய நிலத்தைவிடக் குறைவாகவே இதற்குப் போதும்.

போட்டி உண்மையில் இந்த நீருக்குத்தான். அதே வளாகத்தில் 2019 முதல் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டமாகவும் சுத்திகரித்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அது ஏரி நீரை மிச்சப்படுத்துகிறது, நல்ல காரியம். தொழிற்சாலை காசு கொடுக்கும். ஆறு கொடுக்காது. இவ்வளவு லிட்டர் ஆற்றுக்கு என்று எழுதிவைக்காவிட்டால் ஒவ்வொரு புதிய ஒப்பந்தத்திலும் ஆற்றின் பங்குதான் முதலில் குறையும்.

ஆகவே என் தேர்வு ஊருக்கு ஒன்று என்றில்லை, வாய்க்காலுக்கு ஒன்று. கூவத்துக்கு முதலில் வழிமறிப்பும் வீட்டு இணைப்பும், கையோடு கோயம்பேட்டு நீரில் ஒரு நிரந்தரப் பங்கு. கரையழகுக்கு வைத்திருக்கும் பணம் அதுவரை காத்திருக்கலாம். ஓட்டேரி நல்லா மாதிரி இருபுறமும் வீடுகள் நெருக்கும் கால்வாயில் கான்கிரீட் சுவரை உடைக்கச் சொல்லமாட்டேன், இடமே இல்லை. அங்கே வடிகால் வாய்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் வேலை. அடையாற்றின் முகத்துவாரத்தில் ஓதநீர் வருகிறது, நிலமும் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பாணிக்கு நகருக்குள் பொருத்தமான இடம் அதுதான்.

பக்கிங்காம் கால்வாயின் நடுப்பகுதியில் எனக்கு நம்பிக்கை குறைவு. பறக்கும் ரயிலின் தூண்கள் நீரோட்டத்திலேயே நிற்கின்றன, அவற்றை இனி யாரும் எடுக்கப்போவதில்லை. அங்கே செலவழிக்க நினைப்பதைத் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாக வந்து கால்வாயில் சேர்ந்து முட்டுக்காட்டுக்குப் போகும் துண்டில் போடுவேன். கரைகள் முழுக்க அடைபடாமல் இன்னும் மிச்சமிருப்பது அங்கேதான். பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகள் அதையும் நெருங்கிக்கொண்டிருக்கின்றன.