நார்வே கடலோரப் பயணம்: ஹுர்டிக்ருட்டனா, ஹாவிலாவா?

பெர்கனில் ஏறி வடக்கே கிர்கெனெஸ் வரை போய்த் திரும்பும் கடல்வழி இது. வழியில் 34 துறைமுகங்கள், மொத்தம் 12 நாள். ஹுர்டிக்ருட்டன், ஹாவிலா என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களுக்கும் இதே பாதைதான். கேசினோவைத் தேடுபவர்கள் வேறு கப்பல் பார்க்கலாம். இங்கே ஊர்க்காரர்களும் சரக்கும் ஏறி இறங்குவார்கள், நள்ளிரவிலும் கூட.

ஹுர்டிக்ருட்டனின் பலம் அதன் வயது. 1893-இல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் தொடங்கிய சேவை. இதன் பல கப்பல்கள் 1990-களில் கட்டப்பட்டவை, அறைகள் சிறியவை. ஆனால் அந்தப் பழமைக்காகவே வருபவர்கள் உண்டு. குளிர்காலத்தில் முழுப் பயணம் போய் வட துருவ ஒளியை (இரவு வானில் பச்சையாக அலையும் ஒளி) பார்க்க முடியாவிட்டால், இன்னொரு பயணம் இலவசம் என்ற உறுதிமொழியும் பெரிய ஈர்ப்பு. (மேகத்தோடு பந்தயம் கட்டும் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.)

ஹாவிலா 2021 டிசம்பரில் வந்த புதியவர். நான்கே கப்பல்கள். இயற்கை எரிவாயுவோடு பெரிய மின்கலன்களும் உண்டு. அவற்றை மட்டும் கொண்டே சுமார் 4 மணி நேரம் ஓடலாம். இருபக்கமும் பாறைச் சுவர் உயர்ந்த குறுகிய கடல் நுழைவான ஃபியோர்டுக்குள் இயந்திரச் சத்தமில்லாமல் போனால், மலை அருவியின் ஓசை மேல்தளத்துக்கே கேட்கும். அறைகளும் புதுசு. சாப்பாட்டில் பஃபே கிடையாது. சிறு சிறு தட்டுகளாக மேசைக்கே வரும்.

முதல் தடவை, அதுவும் கோடையில் என்றால் நான் ஹாவிலாவையே சொல்வேன். ஒளியைத் தேடி ஜனவரியில் கிளம்புபவர்களுக்கு ஹுர்டிக்ருட்டன்.