மூக்கடைப்புக்கு ரைனோமானோமெட்ரி: மீசைக்காரர்கள் கவனிக்கவும்

இடது மூக்கோடு ஆறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி வாயைத் திறந்து தூங்கி, காலையில் தொண்டை வறண்டு எழுந்திருப்பது பழகிப்போய்விட்டது. ஒரு இடத்தில் கேமரா விட்டுப் பார்த்து, மூக்குத் தண்டு இடது பக்கம் வளைந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் பாருங்கள் என்றார்கள். இன்னொரு டாக்டர்தான், "வளைவு நிறையப் பேருக்கு இருக்குங்க, அடைப்புக்கு அதுதான் காரணமான்னு முதல்ல அளந்து பார்த்துடலாம்" என்று, மூக்கு வழியாகக் காற்று எவ்வளவு தாராளமாகப் போகிறது என்று அளக்கும் இந்த ரைனோமானோமெட்ரி டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் போனது வீண். காலையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு போயிருந்தேன், "விட்டிருந்தா ரிசல்ட் தப்பா வரும், இன்னொரு நாள் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம் அல்லவா? சென்னை வெயிலில் போகவர இரண்டு மணி நேரம்.

இரண்டாவது தடவை வெயிலில் வந்த சூடு தணிய அரை மணி நேரம் உட்காரவைத்து, அப்புறம் ஆரம்பித்தார்கள். ஒரு மூக்குத் துளையை டேப் போட்டு அடைத்து, அதன் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுகிறார்கள். அடைத்த பக்கம் காற்று ஓடாததால், மூக்கின் பின்பக்க அழுத்தம் என்னவோ அதுவே அந்தக் குழாயில் தெரியும். மேலே ஒரு மாஸ்க், திறந்திருக்கும் துளை வழியாகப் போய்வரும் காற்றை அது அளக்கும். வாயை மூடிக்கொண்டு சாதாரணமாக மூச்சு விட்டால் போதும், வலி எதுவும் இல்லை.

வம்பு செய்தது என் மீசைதான். டேப் ஒட்டவே இல்லை. மாஸ்க் ஓரத்திலும் காற்று கசிந்து, திரையில் வழுவழுப்பாக வர வேண்டிய கோடு கிறுக்கல் மாதிரி வந்தது. மூன்று தடவை ஒட்டிப் பிய்த்ததில் மேலுதடு எரிச்சல். ஆனால் டெக்னீஷியன் தம்பி நல்ல பொறுமைசாலி, இதுவே போதும் என்று விடாமல் கோடு ஒழுங்காக வரும்வரை எடுத்தார்.

150 பாஸ்கல் அழுத்தத்தில் எவ்வளவு காற்று போகிறது என்பதுதான் கணக்கு. இடது பக்கம் விநாடிக்கு 120 கன சென்டிமீட்டர், வலது பக்கம் 310. இதோடு நிறுத்தியிருந்தால் ஆபரேஷன்தான் என்று நானே முடிவு கட்டியிருப்பேன். ஆனால் இரண்டு துளையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி அடைத்துத் திறக்கும், மூச்சு ஓட்டத்தைக் கவனித்துச் சரம் பார்ப்பவர்கள் சூரியகலை, சந்திரகலை என்கிறார்களே, அந்த விஷயம்தான். அதனால் ஒரு நேரத்து எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மூக்கில் மருந்து அடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்தார்கள். வீங்கிய சவ்வு மருந்துக்குச் சுருங்கும், எலும்பும் குருத்தெலும்பும் சுருங்காது. இடது பக்கம் 290 ஆகிவிட்டது! வளைவு அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அடைப்பில் பெரும்பகுதி சவ்வு வீக்கத்தால்தான். இப்போதைக்கு மூன்று மாதம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, ஆபரேஷன் பேச்சு அப்புறம்.

விக்ஸ் தடவினால் மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்குமே, அது மெந்தால் நரம்பில் கிளப்பும் குளிர்ச்சி, அளந்தால் காற்று ஏறக்குறைய அதே அளவுதான் போகும் என்பதும் டாக்டர் சொல்லித்தான் தெரியும். இத்தனை வருடம் டப்பா டப்பாவாகத் தடவியிருக்கிறேன்.

ரிப்போர்ட்தான் மோசம். கிராஃப் மட்டும் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள், மருந்துக்கு முன்னும் பின்னும் வந்த எண்களைக் கவுன்டரில் இரண்டு தடவை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நீங்கள் போனால் அதை வாங்காமல் வராதீர்கள். எந்த மருந்தை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

டெஸ்டுக்கு ஐந்துக்கு நாலரை, சென்டருக்கு மூன்று. மறுபடி அளக்க மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் மீசையை எடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது.