புள்ளி இலைக் கிழங்கு வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

எனக்குக் கிழங்கு விற்ற ஆள் நேற்று இரவு என்னை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது என் மாதச் சம்பளத்தில் கால் பங்கு. ஐந்தே ஐந்து கிழங்குக்கு!

நான் கேட்டது லெடபூரியா சோசியாலிஸ், அழகுக்காக வளர்க்கிற தென்னாப்பிரிக்கச் செடி. வெள்ளி பூசினாற்போன்ற இலையில் கரும்பச்சைத் திட்டுகள், திருப்பிப் பார்த்தால் அடியில் ஊதா. சாதாரண வகை என்னிடம் ஒரு தொட்டி நிறைய இருக்கிறது. நான் ஆசைப்பட்டது இலையோரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஓடுகிற வேரிகேட்டட் வகைக்கு.

விற்றவர் ஓர் ஆன்லைன் செடிச் சந்தையில் கடை வைத்திருப்பவர். நான் எங்கே விழுந்தேன் தெரியுமா? விலையைப் பற்றி அவர் முதலில் வாயே திறக்கவில்லை. "கிழங்கை முழுக்கப் புதைக்காதீர்கள், பாதிக்கு மேல் வெளியே தெரியட்டும், இல்லையென்றால் அழுகிவிடும்" என்றார். பழைய புத்தகங்களில் சில்லா வயலேசியா என்று இருப்பதும் இதே செடிதான் என்றார். இரண்டும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றவா போகிறார் என்று நினைத்தேன். "பணத்தை எனக்கே நேரடியாக அனுப்பினால் சந்தைக் கமிஷன் மிச்சம், ஒரு கிழங்கு கூடுதலாகவே வைக்கிறேன்" என்றதும் கால் மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பிவிட்டேன்.

கூடுதல் கிழங்கு வரவில்லை. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஐந்து வந்தன. இரண்டு, தொட்டால் கூழ். மீதி மூன்றும் ட்ரிமியாப்சிஸ் மாகுலாட்டா! அதுவும் ஆப்பிரிக்கக் கிழங்குதான், அதிலும் புள்ளி உண்டு. ஆனால் அதன் இலை காம்போடு, இதய வடிவில் அகலமாக இருக்கும். அந்த வெள்ளிப் பூச்சு இருக்காது. வளர்ப்பவர்கள் பிரித்துப் பிரித்து இனாமாகவே கொடுக்கிற செடி.

கேட்டேன். "வெளிச்சம் படட்டும், நிறம் வரும்" என்றார். வெளிச்சம் குறைந்தால் புள்ளி மங்கும், சரி. அதற்காக வெளிச்சம் பட்டால் ஒரு செடி இன்னொரு செடியாகிவிடுமா? அழுகியதற்கு, நான் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேனாம். ஐயா, நான் இன்னும் நடவே இல்லை! அப்புறம் "கூரியர்காரர்களைக் கேளுங்கள்". அப்புறம் "பிரித்த வீடியோ இருக்கிறதா?" அப்புறம் பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் புகார் செய்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஒன்றும் செய்ய முடியாது என்று இரண்டே வரி.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். இன்றைய தேதி எழுதிய தாளைச் செடியருகே வைத்து, இலையின் அடிப்புறமும் கிழங்கும் தெரியப் படம் கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். அழுகிய கிழங்கை நாய், பூனை எட்டும் இடத்தில் எறியாதீர்கள், விஷம்.

அந்த மூன்றையும் தூக்கிப் போட மனம் வரவில்லை, நட்டுவிட்டேன். ஒன்று இன்று காலை துளிர் விட்டிருக்கிறது. பச்சை. கால் மாதச் சம்பளப் பச்சை.